முன்னாலிருந்து பார்த்தது

“அக்கா... இந்தக் கப்ளர் இருக்குமா?”

மழையோடு மழையாக உள்ளே வந்த குரல் அது. இசக்கிச்செல்வி மடியிலிருந்த நாவலை மூடாமலே நிமிர்ந்தாள். நாவலில் பனி பெய்துகொண்டிருந்தது. ஊர் பெயரே வாயில் நுழையாத ஏதோ ஒரு ரயில் நிலையத்தில், ஒரு பெண் யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தாள். நாவலுக்கு வெளியே, வண்ணார்பேட்டை ரோட்டில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

வந்தவன் சட்டை முழுக்க நனைந்திருந்தான். முன்நெற்றி முடியிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கி இமையில் தங்கி நின்றது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான். பெரிய கண்கள்... எதையோ உடைத்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளையின் கண்கள்.

“அக்காவா? உங்களுக்கு என்ன வயசு சார்?”

“இருபத்தொம்பது...”

“எனக்கு இருபத்தஞ்சு. இப்ப சொல்லுங்க, யாரு யாருக்கு அக்கா?”

அவன் காது இரண்டும் சிவந்தன. ஓர் ஆணின் காது இப்படிச் சிவக்கும் என்று செல்வி கதைகளில்தான் படித்திருந்தாள்.

“அப்ப... அண்ணாச்சி இல்லையா?”

“அப்பா சாப்பிடப் போயிருக்காங்க. சாமான் எடுத்துக் குடுக்கிறது நான்தான். சாம்பிள் எங்க?”

கேட்டபடியே தலைக்கு மேலிருந்த போர்டைக் காட்டினாள். பலவேசம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல்ஸ் கடையில் சாமி படத்தைவிடப் பெரியது அந்தப் போர்டு. ‘சாம்பிள் இல்லாமல் சாமான் இல்லை.’ பழசைக் கையில் வைத்துப் பார்க்காமல் ஒரு பல்புகூட அப்பா கொடுத்ததில்லை.

அவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உறைக்குள் ஒரு தாள். தான் நனைந்தாலும் அதை நனையவிடவில்லை போலிருக்கிறது. மெல்ல எடுத்து மேஜைமேல் விரித்தான்.

பென்சில் ஓவியம். காரில் சாவி போடும் சுவிட்சுக்குப் பின்னால், நாலு ஒயர்களையும் சேர்த்துப் பிடிக்குமே ஒரு சின்னப் பிளாஸ்டிக் கட்டை... கப்ளர். அதைத்தான் வரைந்திருந்தான். மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு ஓட்டை. உச்சியில் பூட்டு நாக்கு. சூட்டில் உருகி ஒரு மூலை வழிந்திருப்பதைக்கூட நிழல் போட்டுக் காட்டியிருந்தான். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் பொடி எழுத்தில் ஒயரின் நிறம். வெள்ளை, கறுப்பு, மஞ்சள், நீலம்.

செல்வி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தினம் நூறு கப்ளர்களைத் தொட்டு எடுக்கிற கை அவளுடையது. ஒன்றாவது அழகாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

“போட்டோ எடுத்திருக்கலாம்லா?”

“ஸ்டீரிங்குக்கு அடியில செல்போன் போகல. தலைதான் போச்சு.”

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். “பழசையே கழத்திக் கொண்டுவந்திருக்கலாம்லா?”

“சுவிட்சுல இருந்து கழத்திப் பாத்து வரைஞ்சுக்கிட்டேன். திரும்ப மாட்டிட்டேன். ஒயரை எல்லாம் உருவிட்டா வண்டி எடுக்காது. ஞாயித்துக்கிழமை உடன்குடி போகணும், தங்கச்சிக்கு வளைகாப்பு. ஒர்க்‌ஷாப்புல கேட்டா தீவாளி கழியட்டும்ங்காங்க. அதான் நானே... யூடியூப் பாத்து...”

“ஓஹோ. என்ன வேலை பாக்கீங்க?”

“டிராயிங் வாத்தியாரு. பாளையங்கோட்டையில. பேரு ஆவுடைநாயகம்.”

“தாத்தா பேரா?”

“தாத்தாவுக்குத் தாத்தா பேரு.”

இந்த முறை சிரிப்பு அடங்கவில்லை. அவனும் சிரித்தான். இமைமேல் இருந்த சொட்டு அப்போதுதான் உதிர்ந்தது.

விதிப்படி அவள் ‘சாம்பிள் கொண்டு வாங்க சார்’ என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. பின்னால் திரும்பி, அலமாரியில் மூன்று டப்பாக்களை இழுத்தாள்.

“இது பாக்க அதே மாதிரி இருக்கும், பின் சின்னது. பைக்குக்குப் போடுறது. இதுக்குப் பூட்டு அடியில. இந்தா இருக்கு பாருங்க... அகலப் பின்னு, மேல பூட்டு. இதுதான் உங்களுக்கு.”

“படத்தை வச்சே எப்படிங்க...”

“கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டே சொல்லுவேன் சார். இந்த ரோட்டுல எந்த மெக்கானிக்கை வேணும்னாலும் கேளுங்க.”

சொன்னபோது கழுத்து தானாக நிமிர்ந்தது. அவன் கண்கள் அகல விரிந்து அவளைப் பார்த்தன. அந்த வியப்பு... அது வெல்லம் மாதிரி இனித்தது.

கடைத் துண்டுச்சீட்டை எடுத்து நாலு கட்டம் போட்டாள். படத்தில் எந்த ஓட்டையில் எந்த நிறமோ, அதை அப்படியே கட்டத்தில் எழுதினாள். ‘ஒயர் குத்துற பக்கம்’ என்று மேலே தலைப்புப் போட்டு, புதுக் கப்ளரோடும் பின்களோடும் சேர்த்து நீட்டினாள்.

“இதே மாதிரி குத்துங்க. பின்னு ‘டிக்’குனு உக்காரணும்.”

அவன் சீட்டைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். கேட்கவில்லை.

“என் படம்...?”

“மழையில நனஞ்சிரும். அதான் சீட்டு எழுதிட்டேம்லா? அது போதும்.”

“சரியா இருக்கும்லா?”

“தப்பா இருந்தா இந்தக் கடையைப் பூட்டிருதேன். போதுமா?”

அவன் சிரித்துக்கொண்டே மழைக்குள் இறங்கிப் போனான். செல்வி படத்தை எடுத்து, பனி பெய்துகொண்டிருந்த பக்கத்துக்குள் வைத்து நாவலை மூடினாள்.

அப்பா வந்தபோது அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து நாட்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் புத்தகத்தைத் திறந்தாள் என்று கேட்டால் அவளுக்கே வெட்கமாக இருக்கும். ஞாயிறன்று வானம் வெளுத்திருந்தது. இந்நேரம் உடன்குடி போயிருப்பான்... புது வளையல் அடுக்கிய தங்கச்சியைப் பின்சீட்டில் வைத்துப் பைய ஓட்டிக்கொண்டு வருவான்... ‘யாரு சரிபண்ணினா?’ என்று தங்கச்சி கேட்பாள்... அவன் என்ன சொல்லுவான்? ‘ஒரு கடையில ஒரு பொண்ணு’ என்பானா? இல்லை, பேரைச் சொல்லுவானா? பேரை அவன் கேட்கவே இல்லையே! அந்தக் கவலை ஒரு முழு மத்தியானத்தைத் தின்றது.

செவ்வாய்க்கிழமை அவனே வந்தான். தனியாக வரவில்லை. எதிர்ப்பட்டறை மெக்கானிக் சுடலைராஜ் முன்னால் வர, அவர் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி நின்றான். அப்பா கல்லாவில் இருந்தார்.

“அண்ணாச்சி, ஸ்டார்ட்டருக்கு கார்பன் பிரஷ் ஒரு செட்டு குடுங்க. நம்ம வாத்தியாரு வண்டி. சாருக்கு உடன்குடியில தடபுடலான வரவேற்பு!” சுடலைராஜ் பழைய பிரஷ்ஷை சாம்பிளாக மேஜைமேல் போட்டார்.

“என்னவே ஆச்சு?” என்றார் அப்பா.

“தங்கச்சிக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். பிள்ளையை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். கை நெறைய வளையலோட பிள்ளை வாசல்ல நிக்கா, நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு, வண்டி எடுக்கல. சாரு புதுசை மாட்டாமலே கொண்டுபோயிருக்காரு, பழைய கப்ளர் மொத்தமா உருகிருச்சு. உடனே நம்ம சாரு பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டாரு. ‘எங்கிட்ட புதுக் கப்ளர் இருக்கு, பத்தே நிமிசம்’னு ஸ்டீரிங்குக்கு அடியில படுத்துட்டாரு. சம்பந்தக்காரங்க அம்புட்டு பேரும் சுத்தி நிக்காங்க. குத்தி முடிச்சு சாவியைத் திருப்பினா... எஞ்சின் எடுத்துருச்சு. ஆனா ஸ்டார்ட்டர் நிக்க மாட்டேங்கு! ‘கர்ர்ர்ர்’னு ஒரே கதறல். அணைச்சுட்டுத் திரும்பப் போட்டா திரும்பவும் கதறல். நாலாவது தடவை புகை!”

சுடலைராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆவுடைநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சிரிக்காதீரும்வே,” என்றார் அப்பா. “பிறவு?”

“பிறவென்ன... அந்த வீட்டு அம்மா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. ‘வாசப்படி தாண்டயில வண்டி கதறுது, புகையுது. இது நல்ல சகுனம் இல்ல. என் மருமக எங்கயும் வர வேண்டாம், பேறுகாலம் இங்கனயே பாத்துக்கிடுதோம்’னு. பிள்ளை அழுத அழுகை! இவரு வண்டியைக் குட்டியானை லாரியில ஏத்தி இங்கன கொண்டுவந்தேன்.”

செல்வியின் கை பிரஷ் டப்பாவில் அப்படியே நின்றது.

“கப்ளர் எங்க சார் வாங்கினீங்க?” அப்பாவின் குரல் அமைதியாகத்தான் இருந்தது. “சாம்பிள் பாக்காமக் குடுத்துட்டானா எவனும்?”

ஆவுடைநாயகத்தின் பார்வை ஒரே ஒரு நொடி நிமிர்ந்து அவளைத் தொட்டது. உடனே இறங்கிவிட்டது.

“ஞாபகம் இல்ல அண்ணாச்சி... வழியில ஏதோ ஒரு கடை. கடை மேல தப்பில்ல. கப்ளர் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் ஒயரை மாத்திக் குத்திட்டேன்.”

“மாத்திக் குத்தினதுலயும் ஒரு ஒழுங்கு இருக்குல்லா!” என்றார் சுடலைராஜ். “இப்பத்தான் கழத்திப் பாத்தேன். இடப்பக்கம் இருக்க வேண்டிய ரெண்டும் வலப்பக்கம், வலப்பக்கத்து ரெண்டும் இடப்பக்கம். கண்ணாடியில பாத்துக் குத்தின மாதிரி!”

கண்ணாடியில் பார்த்த மாதிரி...

அவள் பிரஷ்ஷைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். விரல் படவில்லை. ‘நான்தான் குடுத்தேன்’ என்று சொல்ல அவளுக்கு முழுசாக ஒரு நிமிஷம் இருந்தது. வாய் திறக்கவில்லை. அவர்கள் ரோட்டைக் கடந்து போய்விட்டார்கள்.

நாவலைத் திறந்தாள். ஐந்து நாளாக எத்தனை முறை பார்த்த படம்! நிழலைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், ‘மஞ்சள்’ என்பதில் அவன் போட்டிருந்த சுழியைக்கூடப் பார்த்தாள். தாளின் கீழ் மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த அந்த வரியை மட்டும் படிக்கவில்லை.

‘முன்னாலிருந்து பார்த்தது.’

சுவிட்சோடு சேரும் வாய்ப் பக்கத்தைத்தான் அவன் வரைந்திருந்தான். எழுதியும் வைத்திருந்தான். ஆனால் ஒயரைக் குத்துவது பின்பக்கம் வழியாக. பின்னாலிருந்து பார்த்தால் இடது வலதாகும், வலது இடதாகும். கடைக்கு வரும் கற்றுக்குட்டிகளுக்கு அவளே எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள்! முன்பக்கத்தை அப்படியே பார்த்து எழுதி, ‘ஒயர் குத்துற பக்கம்’ என்று தலைப்புப் போட்டவள் அவள். அவன் அந்தச் சீட்டை வேதவாக்காக நம்பி, ஓர் ஊரே பார்க்க, அப்படியே குத்தியிருக்கிறான்.

கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டே சொல்லுவேன் சார்...

காது, கழுத்து, கன்னம் என்று உடம்பே கொதித்தது. யாரோ ஒரு பெண் ஏழு மாத வயிற்றோடு அழுதுகொண்டிருக்கிறாள். தப்பு தன்னுடையது என்றே நம்பிக்கொண்டு ஒருவன் தலைகுனிந்து நிற்கிறான். போதாததற்கு, இவளைக் காப்பாற்ற ஒரு பொய்யும் சொல்லிவிட்டான். அவன் நிரபராதி என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சிதான் உண்டு. அதுவும் இவள் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்தால் எல்லோரும் முதலில் கேட்கப்போவது ஒன்றே ஒன்று... ‘இது உங்கிட்ட ஏன் இருக்கு?’

“என்னட்டி, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்லப்பா... தலைவலி.”

அன்று கடை அடைக்கும்வரை அவள் அந்தப் போர்டின் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை. அப்பா ஊதுவத்தி கொளுத்தி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு படத்தைக் கல்லாமேல் வைத்தாள். சொன்னாள். மழையையும் சொன்னாள், சாம்பிள் இல்லாமல் கொடுத்ததையும் சொன்னாள், சீட்டையும் சொன்னாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். பாதியில் அழுதுவிட்டாள்.

அப்பா படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

“அந்த வாத்தியாரு நேத்து எங்கிட்ட ஒரு பொய் சொன்னாரு. உனக்காக.”

“ஆமாப்பா.”

“நீயும் ஒரு பொய் சொன்ன, தலைவலின்னு. அதுவும் உனக்காகத்தான்.” தாளை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “ரெண்டும் ஒண்ணு இல்ல தாயி.”

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“போ. எதிர்த்த பட்டறையிலதான் நிக்காரு. நம்ம கடைச் சீட்டுக்கு நாமதான் பதில் சொல்லணும்.”

ரோட்டைக் கடக்க முப்பது அடி. செல்விக்கு அது முப்பது மைல். பட்டறையில் அந்த வெள்ளைக் கார் வாயைத் திறந்து நின்றது. ஸ்டார்ட்டரை மட்டும் மாட்டிவிட்டு, ஒயர்களை இன்னும் தொடாமல், சுடலைராஜ் கை துடைத்துக்கொண்டிருந்தார். ஆவுடைநாயகம் பள்ளிக்கூடப் பையோடு ஓரமாக நின்றான்.

“சார்... நீங்க மாத்திக் குத்தல.”

இருவரும் திரும்பினார்கள். அவள் படத்தை விரித்தாள்.

“நீங்க சரியாத்தான் வரைஞ்சீங்க. எந்தப் பக்கம்னும் எழுதியிருந்தீங்க. நான் படிக்கல. சீட்டுல தப்பா எழுதினது நான்.”

“எப்படி...?” அவனுக்குப் புரியவில்லை.

செல்வி ஓரடி முன்னால் வந்து அவனுக்கு நேர் எதிரே நின்றாள். “உங்க வலது கையைத் தூக்குங்க. நானும் தூக்குதேன்.”

தூக்கினான். தூக்கினாள்.

“இப்ப என் வலது கை உங்களுக்கு எந்தப் பக்கம் தெரியுது?”

“இடது பக்கம்...”

“எதிர நின்னு பாத்தா இப்படித்தான் மாறித் தெரியும். நீங்க எதிர இருந்து பாத்தீங்க. நான் அதைப் பின்னால இருந்து பாத்ததா எழுதிட்டேன். அம்புட்டுதான் சார். உங்க தங்கச்சி அழுததுக்கு... அம்புட்டுதான் காரணம்.”

இருவர் கையும் இன்னும் தூக்கியபடியே இருந்தது. அவன்தான் முதலில் இறக்கினான். முகத்தில் ரத்தம் ஏறியது.

“மூணு நாளா எங்க அம்மா எங்கிட்ட பேசல. ‘தெரியாத வேலையில ஏம்லே கை வச்ச’ன்னு ஒரே கேள்வி. எனக்குப் பதில் இல்ல. நான் ஒரு உதவாக்கரைன்னு நானே நம்பிட்டேன்.” பள்ளிக்கூடப் பையை மறுதோளுக்கு மாற்றினான். “நேத்து கடையில வச்சு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க.”

“நேத்து... அப்ப எனக்குத் தெரியாது. நீங்க போன பிறகுதான் மூலையில இருந்ததைப் படிச்சேன்...” நிறுத்தினாள். இதுவும் ஒளிகிற பேச்சுதான். “இல்ல. ‘சாமான் குடுத்தது நான்தான்’னு சொல்லியிருக்கலாம். அது தெரியும். சொல்லல. பயந்துட்டேன்.”

அவன் காரின் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த முதுகு அவளைச் சுட்டது.

செல்வி காரின் கதவைத் திறந்தாள். தாவணி நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டீரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தாள். செல்போன் போகாத இடம்தான். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, கப்ளரின் ஓட்டைக்குள் விட்டுப் பின்னின் நாக்கை அமுக்கினாள். ஒயர் கழன்று வந்தது. வெள்ளை, கறுப்பு, மஞ்சள், நீலம்... ஒவ்வொன்றாக உருவி, இடம் மாற்றிக் குத்தினாள். டிக். டிக். டிக். டிக்.

வெளியே வந்தபோது முடி பாதி அவிழ்ந்திருந்தது, கன்னத்தில் கிரீஸ்.

“சாவியைத் திருப்புங்க.”

திருப்பினான். எஞ்சின் எடுத்தது. ஸ்டார்ட்டர் அடங்கியது. கேட்டதெல்லாம் சீரான ஓட்டம் மட்டும்தான்.

“இப்ப உடன்குடிக்குப் போவோம்,” என்றாள் செல்வி. “நானும் வாரேன். என் வாயாலயே சொல்லுதேன்.”

“அது சரிப்படாதுங்க. அவங்க ஒரு மாதிரி...”

“நானும் வாரேன் சார்.” ரோட்டைக் கடந்து வந்த அப்பா, யார் அனுமதிக்கும் காத்திராமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். “கடையை சுடலைராஜ் பாத்துக்கிடுவாரு. ஏம்வே, சாம்பிள் இல்லாம எதையும் குடுத்துராதீரும்.”

உடன்குடி வீட்டு வாசலில் கார் நின்றதும் உள்ளிருந்து முதலில் வந்தது ஞானம்பாள். நெற்றியில் பெரிய திருநீறு, கண்ணில் பெரிய கோபம். தன் மருமகளுக்கு முன்னால் வேலி மாதிரி நின்றார். வேலிக்குப் பின்னால், கை முழுக்கக் கண்ணாடி வளையலோடு முப்பிடாதி... அண்ணனைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்தது.

“இந்த வண்டியை இந்த வாசலுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு சொன்னேம்லா?”

“அத்தை, இவங்க...” என்று தொடங்கினான் ஆவுடைநாயகம். செல்வி அவனைத் தாண்டி முன்னால் போனாள். வழியெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்த பேச்சு ஒரேயடியாக மறந்துபோனது.

“அம்மா, அன்னைக்கு வண்டி கதறினது சகுனம் இல்ல. நாலு ஒயரு இடம் மாறிட்டு. மாத்தினது உங்க சம்பந்தி வீட்டுப் பையன் இல்ல, நான். வண்ணார்பேட்டையில எங்க கடை. சீட்டு எழுதிக் குடுத்தேன், தப்பா எழுதிட்டேன். நான் கெட்டிக்காரிங்கிற நெனைப்புல எழுதிட்டேன். அதுக்கு உங்க மருமகளும் வயித்துப் பிள்ளையும் ஏம்மா தண்டனை அனுபவிக்கணும்?”

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஆனாலும் செல்வி படத்தை நீட்டினாள்.

ஞானம்பாள் படத்தை வாங்கினார். மூலையிலிருந்த வரியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு செல்வியை... கன்னத்துக் கிரீஸிலிருந்து கால்வரை பார்த்தார்.

“தப்பு பண்ணின கடைக்காரங்க ‘நாங்க இல்ல’ம்பாங்க. நீ என்னன்னா அறுபது கிலோமீட்டர் வந்து ‘நான்தான்’ங்க. இந்தப் படம் மடிப்புக் கலையாம உங்கிட்ட எப்படிட்டி இருக்கு?”

அந்தக் கேள்வி வந்துவிட்டது.

செல்வி குனிந்துகொண்டாள். பின்னால் நின்றவனின் காது சிவந்திருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது. அப்பா வானத்தில் மேகம் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஞானம்பாள் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது. “ம்... வண்டியை ஓட்டிக் காட்டு.”

செல்வியே ஏறிச் சாவியைத் திருப்பினாள். ஒரே தடவை. கார் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

“நானும் பயந்துட்டேன்,” என்றார் ஞானம்பாள், யாரையும் பார்க்காமல். “தலைப்பிள்ளை... ஏதாவது ஆயிருமோன்னு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். சொன்ன பிறவு எப்படி எறங்கி வாரதுன்னு தெரியல.” சட்டென்று மருமகள் பக்கம் திரும்பினார். “என்ன முழிக்க? போயி துணியெல்லாம் எடுத்து வை. பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க. இன்னைக்குப் புதன்தான. எல்லாரும் கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டுப் போங்க!”

முப்பிடாதி ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வளையலும் ஒரே நேரத்தில் குலுங்கின.

திரும்பும் வழியில் ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றது. முப்பிடாதி பின்சீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா டீக்கடைக்குப் போனவர், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நேற்றைய பேப்பர்.

பாலத்துச் சுவரோரம் செல்வி நின்றாள். கீழே தாமிரபரணி செம்மண் நிறத்தில் புரண்டு ஓடியது. தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவன் வந்து பக்கத்தில் நின்றான்.

“காலையில... கோபப்பட்டுட்டேன்.”

“படணும்லா.”

தண்ணீர் ஓடியது. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்தான். நாலு கட்டம், அவள் கையெழுத்து. அவளுக்கு மறுபடி முகம் கொதித்தது.

“ஒண்ணு கேக்கட்டுமா? படம் நனஞ்சிரும்னு வாங்கி வச்சுக்கிட்டீங்க. சீட்டும் காகிதம்தான? அது மட்டும் நனையாதாக்கும்?”

ஓடி ஒளிய இடமில்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அவன். இரண்டு பொய் சொல்லியாகிவிட்டது. மூன்றாவது வேண்டாம்.

“பிடிச்சிருந்துச்சு,” என்றாள். “ஒரு பிளாஸ்டிக் கட்டையை இப்படிக்கூடப் பாக்க முடியுமான்னு... அதை வச்சுக்கிடணும்போல இருந்துச்சு. பிறவு... படம் மட்டும் இல்ல, வரைஞ்சவங்களையும் பிடிச்சிருச்சு. படத்தைப் பாத்தேன், உங்களைப் பாத்தேன்... மூலையில எழுதினதை மட்டும் பாக்கல. அதான் எனக்கு வெக்கமா இருக்கு. வேலையில கண்ணு இல்லாமப் போச்சேன்னு.”

சொல்லிவிட்டாள். தூறல் கன்னத்துக் கிரீஸைக் கரைத்தது. அவன் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தான்.

“எனக்கும் ஒண்ணு சொல்லணும்ங்க,” என்றான் மெதுவாக. “‘ஒயர் குத்துற பக்கம்’னு நீங்க எழுதும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. நான் வரைஞ்சது முன்பக்கம்லான்னு. அதனால இடம் மாறிப்போகும்னுதான் தெரியல.”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “அப்பவே கேட்டிருக்கலாம்லா!”

“கேட்டா நீங்க குனிஞ்சு படத்தைப் பாப்பீங்க.” சுவரில் விரலால் ஏதோ கோடு போட்டான். “அப்ப நீங்க நிமிந்து என்னைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

தூறல் மழையாகியது. இருவரும் நகரவில்லை.

“அப்ப தப்புல பாதி உங்களுது,” என்றாள். குரல் சிரிக்கிறதா அழுகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

“முழுசும் குடுத்தாலும் வாங்கிக்கிடுதேன். செல்வி... அண்ணாச்சி வண்டியில வச்சுக் கூப்பிட்டாங்க, பேரு கேட்டுச்சு. செல்வி, நான் கடைக்கு வந்து அப்பாட்ட கேக்கலாமா?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. முன்புபோல அவ்வளவு இல்லை... கொஞ்சமாக.

“வாங்க. ஆனா எங்க கடை வழக்கம் தெரியும்லா? வெறும் படத்தை வரைஞ்சுக்கிட்டு வந்து நிக்கக் கூடாது. கையோட சாம்பிள் கொண்டு வரணும்.”

“என்ன சாம்பிள்?”

“உங்க அம்மாவை.”

டீக்கடையில் பேப்பர் ஒரு தடவை தாழ்ந்து மறுபடி உயர்ந்தது. ஆவுடைநாயகத்தின் காது இரண்டும், அத்தனை மழையிலும், செக்கச் செவேலென்று சிவந்தன.